கெடுதலின் விலையை யார் கட்டுவது? நிலைத்த தொழிலும் முதலீட்டுக் கணக்கும்

நிலைத்த தொழில் (சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் நீடிக்கும் தொழில்), பசுமை முதலீடு, இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) என்ற பெயர்கள் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களிலும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இதைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே கட்சிதான். நல்லது செய்யும் நிறுவனம் எப்போதும் நல்ல லாபம் தரும் என்பார்கள் சிலர். எல்லாம் விளம்பர வித்தை, மரம் நடுவதற்கும் பங்கு விலைக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள் மற்றவர்கள். இரு கட்சியாருக்கும் ஒரு பொருத்தம் உண்டு: இருவருமே கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். வட்டி என்றால் என்னவென்று தெரிந்தால் போதும். மற்றதை வழியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த மனைக்குப் போகும் கழிவுநீர்

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. அளவு ஒன்று, வயது ஒன்று, கிடைக்கும் வாடகையும் ஒன்று. ஒரு வீட்டின் கழிவுநீர் முறையாகக் குழாயில் போகிறது. மற்ற வீட்டின் கழிவுநீர் பல ஆண்டுகளாகப் பக்கத்துக் காலி மனையில் போய்த் தேங்குகிறது. மனைக்குச் சொந்தக்காரர் இதுவரை வாய் திறக்கவில்லை.

வாடகையை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். குழாய்ச் செலவு இல்லாததால் இரண்டாவது வீட்டுக்காரருக்குக் கையில் மிஞ்சுவது கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் விவரமறிந்த ஒருவர் வாங்க வந்தால் வேறு கேள்விகளைக் கேட்பார். அந்த மனையில் வீடு கட்டும் எண்ணம் யாருக்காவது இருக்கிறதா? வழக்குப் போட்டால் நஷ்டஈடு எவ்வளவு வரும்? இன்றைக்கே குழாய் பதித்துவிட்டால் என்ன செலவு? நடக்கக்கூடிய வாய்ப்பையும் ஆகும் தொகையையும் மனத்தில் போட்டுப் பார்த்து, அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்பார்.

விற்பவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையில் அவர் இறங்கவே இல்லை. பிறர் தலையில் கட்டிய செலவு எப்போது, எந்த வழியாகத் திரும்பி வரும் என்று மட்டும் பார்க்கிறார். நிலைத்த முதலீட்டுக்கான நிதிப் பகுப்பாய்வு செய்வதும் இதையேதான்.

ஒரு தொழில் தன் வேலையால் வெளியாருக்கு உண்டாக்கி, தான் பணம் கொடுக்காமல் விடும் பாதிப்புக்குப் பொருளியலில் புறவிளைவு என்று பெயர். ஆலைப் புகை, ஆற்றில் கலக்கும் சாயம், குறைந்த கூலியில் தேய்ந்துபோகும் தொழிலாளியின் உடல் எல்லாம் இதில் அடங்கும். ஒரு கசப்பான விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மனைக்காரர் ஏழை, சட்டம் அவருக்குக் கைகொடுக்காது, ஊரும் கேட்காது என்றால் அந்தச் செலவு ஒருநாளும் திரும்பி வராது. வீட்டு விலையிலும் அது தெரியாது. கெடுதல் நடந்துகொண்டே இருக்கும்; கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

கெடுதல் கணக்குக்குள் வரும் வழிகள்

ஒரு நிறுவனத்தின் மதிப்பு என்பது அது வருங்காலத்தில் ஈட்டப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு. கணக்கேட்டில் காட்டும் லாபத்தைவிட, உண்மையில் கைக்கு வந்து போகும் பணமே இங்கு முக்கியம். அதற்கு ரொக்க ஓட்டம் என்று பெயர். அடுத்த ஆண்டு வரும் 100 டாலர் இன்று கையில் இருக்கும் 100 டாலருக்குச் சமமாகாது. இன்றைய பணத்தை வட்டிக்கு விடலாம். நாளைய பணம் வராமலும் போகலாம். எனவே வருங்காலப் பணத்தை ஒரு வீதத்தில் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அது தள்ளுபடி வீதம். அபாயம் அதிகம் என்றால் வீதமும் அதிகம்.

சுற்றுச்சூழலோ தொழிலாளர் நலமோ இந்தக் கணக்குக்குள் வரவேண்டுமானால் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றில்தான் வரமுடியும். வரும் பணத்தின் அளவை அது மாற்றவேண்டும். அல்லது அந்தப் பணம் வரும் என்ற நிச்சயத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அல்லது நிறுவனம் கடன் வாங்கும் வட்டியையும் பங்குதாரர் எதிர்பார்க்கும் ஆதாயத்தையும் மாற்றவேண்டும். எரிபொருள் மிச்சம் முதல் வழியில் வருகிறது. பசுமைத் திட்டங்களுக்கென்றே கடன் திரட்டும் பசுமைக் கடன் பத்திரம் மூன்றாவது வழி. நடுவில் உள்ளதுதான் பலரும் கோட்டைவிடும் இடம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனம் உண்டு. 2018 நவம்பரில் ஏறத்தாழ நூறு ஆண்டு பழைய மின்தடம் ஒன்றின் கோபுரத்தில், தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கி முறிந்தது. கம்பி உரசி, பொறி விழுந்து, காய்ந்து கிடந்த காட்டில் தீப்பற்றியது. 85 பேர் இறந்தார்கள். பாரடைஸ் என்ற ஊர் சாம்பலானது. 2019 ஜனவரியில், முந்தைய ஆண்டுத் தீ விபத்துகளையும் சேர்த்து 3,000 கோடி டாலருக்கு மேல் பொறுப்பு வரலாம் என்ற நிலையில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பராமரிப்பைத் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் ரொக்க ஓட்டம் அழகாகத்தான் தெரிந்திருக்கும். வறட்சி கூடக்கூட விபத்தின் வாய்ப்பும் அளவும் வளர்ந்துவந்தது எந்த வரியிலும் தெரியாது. வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கி ஆண்டுதோறும் ஒரு செலவாக வைத்துப் பார்த்திருந்தால், கொக்கி மாற்றும் செலவு மிக மலிவாகத் தெரிந்திருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கெடுதல் என்பதற்காக எதுவும் நிதிக் கணக்கில் ஏறாது. தொகையை, நிச்சயத்தை, வட்டியை ஏதோ ஒன்றை அது தொட்டால்தான் ஏறும்.

ஒரு கருவியின் முழுக் கணக்கு

ஓர் ஆலையின் புகைபோக்கி வழியாக வெப்பம் வீணாகிறது. அதைப் பிடித்து மீண்டும் கொதிகலனுக்கு அனுப்பும் கருவியின் விலை 10 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் எரிபொருள் மிச்சம். கருவி 8 ஆண்டு உழைக்கும். வாங்கலாமா?

பல அலுவலகங்களில் பதில் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். போட்ட முதல் திரும்ப 5 ஆண்டு ஆகிறது, மூன்று ஆண்டுக்குள் திரும்பாததை வாங்குவதில்லை என்பது விதி, கோப்பை மூடு. முதல் திரும்பும் காலத்தைப் பார்க்கும் இந்த முறை எளிது, ஆனால் முரடு. 5 ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்று ஆண்டுப் பணத்தை அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ஆற்றலைச் சேமிக்கும் திட்டங்களில் ஆதாயம் பெரும்பாலும் பின்னால்தான் வரும் என்பதால், அவை இந்த விதியிடம் திரும்பத் திரும்பத் தோற்கின்றன.

சரியான முறை, ஒவ்வோர் ஆண்டின் மிச்சத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, அதிலிருந்து முதலைக் கழிப்பது. கிடைப்பது நிகர நிகழ்கால மதிப்பு. அது பூஜ்யத்துக்கு மேல் என்றால் வாங்கலாம். தள்ளுபடி வீதம் 8 சதவீதம் என்றால் முதலாண்டின் 2 லட்சம் இன்று 1.85 லட்சத்துக்குச் சமம். எட்டாம் ஆண்டின் 2 லட்சம் இன்று 1.08 லட்சம்தான். எட்டையும் கூட்டினால் 11.49 லட்சம். முதலைக் கழித்தால் 1.49 லட்சம் டாலர் ஆதாயம்.

இப்போது வீதத்தை 12 சதவீதம் ஆக்குங்கள். கூட்டுத்தொகை 9.94 லட்சத்துக்கு இறங்கி, சுமார் 6,500 டாலர் நஷ்டம் காட்டும். கருவி அதேதான், மிச்சமும் அதேதான். கடன் மலிவாகக் கிடைக்கும் நிறுவனத்துக்கு அது நல்ல திட்டம். வட்டி அதிகம் கொடுக்கும் நிறுவனத்துக்கு வீண் செலவு. பசுமைத் திட்டங்களின் தலையெழுத்தைத் தொழில்நுட்பத்தைவிட வட்டி வீதம் பல நேரங்களில் தீர்மானிப்பதற்குக் காரணம் இதுதான். காற்றாலையும் சூரிய மின்நிலையமும் செலவில் பெரும்பகுதியை முதல் நாளே கேட்கின்றன. நிலக்கரி நிலையமோ எரிபொருளுக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறது. வட்டி ஏறும்போது முதலில் அடி வாங்குவது எது என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தக் கருவி ஆண்டுக்கு 1,000 டன் கரியமில வாயுவைக் குறைக்கிறது. டன்னுக்கு 30 டாலர் கட்டணம் உள்ள நாட்டில் அது ஆண்டுக்கு இன்னும் 30,000 டாலர் மிச்சம். 12 சதவீதத்தில்கூட 1.43 லட்சம் டாலர் ஆதாயம் என்று கணக்கு திரும்பிவிடும். கட்டணம் இன்னும் வரவில்லை, நான்காம் ஆண்டு முதல் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால்? அந்த மிச்சத்தில் பாதியை மட்டும் நான்காம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை சேர்த்தால் போதும். 32,000 டாலர் ஆதாயம் வருகிறது. சட்டம் வருமா வராதா என்று தெரியாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொல்பவர்கள் உண்மையில் வாய்ப்பு பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் ஒரு கணிப்புதான். பெரும்பாலும் மோசமான கணிப்பு.

கரியமில வாயுவை வெளியேற்றும் உரிமையை ஆலைகள் வாங்கி விற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தை 2005இல் தொடங்கியது. 2013 வாக்கில் ஒரு டன் வெளியேற்ற உரிமை 10 யூரோவுக்கும் கீழே கிடந்தது. 2023 பிப்ரவரியில் முதல்முறையாக 100 யூரோவைத் தாண்டியது. அந்த மலிவு விலை நிலைக்கும் என்று நம்பிப் பழைய உலையை வைத்துக்கொண்ட ஆலை, பத்தாண்டில் எப்படிப்பட்ட நிலையில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் தங்களுக்குள்ளேயே ஒரு கார்பன் விலையை வைத்துக்கொள்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2012 முதல் தன் பிரிவுகளிடமிருந்து அப்படி ஒரு கட்டணத்தை வசூலிக்கிறது.

ஆயுள் முடியுமுன்பே சட்டத்தாலோ சந்தையாலோ பயனற்றுப்போகும் ஆலை, சுரங்கம், கிணறு ஆகியவற்றை முடங்கிய சொத்து என்கிறார்கள். கணக்கு முறை இங்கும் மாறாது. 40 ஆண்டு ஓடும் என்று போட்ட கணக்கில் 20 ஆண்டுப் பணம் வராமல் போகிறது, அவ்வளவுதான்.

நூறு ஆண்டுக்குப் பிறகு வரும் இழப்பு

தள்ளுபடி வீதத்தின் பலம் தொலைதூரத்தில்தான் பயமுறுத்தும் அளவுக்குத் தெரியும். நூறு ஆண்டு கழித்து வரும் 100 டாலர் இழப்பை 1.4 சதவீத வீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் 25 டாலர். 5.5 சதவீதத்தில் அரை டாலருக்கும் குறைவு. ஒன்றில் அவசரப் பிரச்சினை. மற்றதில் தூக்கிப்போடும் சில்லறை.

பருவநிலைப் பொருளியலில் நடந்த பெரிய சண்டையே இதைப் பற்றியதுதான். பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் தயாரித்த அறிக்கை சுமார் 1.4 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, உடனே பெரிய அளவில் செலவிடவேண்டும் என்றது. 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற வில்லியம் நார்ட்ஹாஸ் சந்தை வட்டியை ஒட்டிய, அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த வீதத்தை எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்றார். விஞ்ஞானத்தில் இருவருக்கும் பெரிய தகராறு இல்லை. பேரப்பிள்ளையின் டாலருக்கு இன்று எவ்வளவு மதிப்பு தருவது என்பதில்தான் தகராறு. அந்த எண்ணைச் சந்தை தானாகத் தந்துவிடாது. யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். விரிதாளில் மற்ற நூறு எண்களை ஆராய்ந்துவிட்டு இந்த ஒன்றைக் கேள்வி கேட்காமல் விடுவது நிதித்துறையின் பழைய பழக்கம்.

3எம்: ஒரே நிறுவனத்தில் இரண்டு பாடங்கள்

நல்லது செய்தால் லாபம் என்ற கட்சிக்கு மிகப் பிடித்த பழைய உதாரணம் அமெரிக்காவின் 3எம். மாசைத் தடுப்பதே லாபம் என்ற கருத்தைப் பெயராகவே வைத்து 1975இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கழிவை வெளியே வந்தபின் சுத்தம் செய்வதைவிட, உற்பத்தி முறையை மாற்றிக் கழிவு உருவாகாமலேயே செய்வது மலிவு என்பது அதன் அடிப்படை. கணக்கு சரி. வீணாகும் மூலப்பொருள் என்பது காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள்தானே.

அதே நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பிஎஃப்ஏஎஸ் என்ற வேதிப்பொருள்களையும் தயாரித்துவந்தது. எளிதில் சிதையாதவை, நீரிலும் உடலிலும் தங்கிவிடுபவை. 2023 ஜூனில் அமெரிக்கக் குடிநீர் அமைப்புகள் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க, இன்றைய மதிப்பில் 1,030 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. இன்றைய மதிப்பில் என்பதைக் கவனியுங்கள். 2036 வரை தவணை தவணையாகக் கொடுக்கும் தொகையை அப்படியே கூட்டினால் 1,250 கோடி டாலர் வரை போகும். மேலே கொதிகலன் கருவிக்குப் போட்ட அதே கணக்கைத்தான் அங்கும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு திட்டம் கழிவைக் குறைத்துக் காசு மிச்சம்பிடித்தது. இன்னொரு பொருள் அடுத்த மனைக்குள் கழிவுநீரை விட்டுக்கொண்டே இருந்தது. இதில் 3எம் நல்ல நிறுவனமா கெட்ட நிறுவனமா என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் பொருள், எந்தப் பொறுப்பு, எப்போது என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைக்கும். நிறுவனத்துக்கு ஒட்டுமொத்தமாக மதிப்பெண் போடும் பழக்கம் ஏன் சறுக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இ.எஸ்.ஜி. மதிப்பெண் எதை அளக்கிறது?

இ.எஸ்.ஜி. என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். 2004இல் ஐ.நா.வின் முயற்சியில் வெளிவந்த ஓர் அறிக்கை இந்தப் பெயரைப் பரப்பியது. அதையொட்டி, நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டு விற்பதே தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது.

மதிப்பெண் உயர்ந்தால் நிறுவனம் உலகுக்கு நல்லது என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். பல மதிப்பீட்டாளர்கள் அளப்பதோ அதற்கு நேர் எதிர்த்திசை: உலகில் நடக்கும் மாற்றங்களால் நிறுவனத்தின் பணத்துக்கு எவ்வளவு ஆபத்து? தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் இந்த ஆலை தப்பிக்குமா என்பது ஒரு கேள்வி. இந்த ஆலையால் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஆலை இரண்டாவதில் தோற்கலாம்.

போதாததற்கு, மதிப்பீட்டாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. பெர்க், கோல்பெல், ரிகோபோன் ஆகிய மூவர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டார்கள். மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.54. முற்றிலும் ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0. கடனைத் திருப்பிக்கொடுக்கும் தகுதிக்கான மதிப்பீடுகள் கிட்டத்தட்ட 1ஐத் தொடுபவை. வேறுபாட்டில் பாதிக்கு மேல், ஒரே விஷயத்தை வெவ்வேறு அளவுகோலால் அளப்பதால் வருகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். தொழிலாளர் நலத்தை ஒருவர் வேலையைவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையால் அளப்பார். இன்னொருவர் வழக்குகளின் எண்ணிக்கையால் அளப்பார்.

2022 மே மாதம், நல்ல மதிப்பெண் பெற்ற பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குப் பட்டியலான எஸ் அண்ட் பி 500 இ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து மின்கார் தயாரிக்கும் டெஸ்லா நீக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் நீடித்தது. பலர் சிரித்தார்கள். அந்தக் குறியீடு ஒவ்வொரு துறைக்குள்ளும் சக நிறுவனங்களோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு அடங்கிவிடும். எண்ணெய் நிறுவனங்களுக்குள் ஓரளவு தேறிய ஒன்று உள்ளே இருக்கும். பெயரைப் பார்த்து வாங்கியவர் எதிர்பார்த்தது அதுவா என்பது வேறு விஷயம்.

2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு மோட்டார் வாகனத் துறையில் முதலிடம் தந்த நிறுவனம் ஃபோக்ஸ்வாகன். அதே மாதம் 18ஆம் தேதி, டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள். நிறுவனத்துக்கு ஆன செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. சிறந்த அறிக்கை எழுதும் நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். அறிக்கையில் எழுதாததுதான் அங்கே ஆபத்தாக இருந்தது.

சுருக்கினால்: மதிப்பெண் ஒரு கருத்து. அது எதை அளந்தது, யாரோடு ஒப்பிட்டது, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் அதைப் பணத்தோடு இணைக்கக்கூடாது.

நல்ல நிறுவனம், கெட்ட விலை

டென்மார்க்கின் டாங் எனர்ஜி ஒருகாலத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் நம்பி வாழ்ந்த நிறுவனம். கடலில் காற்றாலை அமைக்கும் தொழிலுக்கு மாறி, 2017இல் எண்ணெய், எரிவாயுப் பிரிவை விற்றுவிட்டு, ஓர்ஸ்டெட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. தொழில் மாற்றத்துக்கு உலகமே காட்டும் உதாரணமானது. 2021 ஜனவரியில் பங்கு விலை 1,200 குரோனரைத் தாண்டிப் பறந்தது. 2023 நவம்பரில் அதே பங்கு 300 குரோனருக்குக் கீழே.

இடையில் நிறுவனம் கெட்டுப்போகவில்லை; அதன் காற்றாலைகளும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. வட்டி ஏறியது, உபகரணங்கள் தாமதமாயின, அமெரிக்கக் கடலோரத்தில் இரண்டு பெரிய திட்டங்களைக் கைவிட நேர்ந்தது. தன் சொத்து மதிப்பில் 2,840 கோடி குரோனரைக் குறைத்து எழுதியது. விலைக்குள் ஏற்கெனவே எல்லா நல்ல செய்தியும் அடங்கியிருந்தால், வாங்குகிறவருக்கு மிஞ்சுவது கெட்ட செய்தி மட்டுமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹாங், கப்பெர்ச்சிக் ஆகிய இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மது, புகையிலை, சூதாட்ட நிறுவனப் பங்குகள் ஒத்த பிற பங்குகளைவிட அதிக ஆதாயம் தந்ததாகக் காட்டியது. பல பெரிய நிதியங்கள் அவற்றைத் தொடாமல் ஒதுக்கியதால் விலை மலிந்தது. மலிவாக வாங்கியவருக்கு விளைச்சல் கூடியது. ஒதுக்கப்படும் நிறுவனம் மூலதனம் திரட்ட அதிக விலை கொடுக்கிறது என்பதும், அதை வாங்குகிறவர் அதிக ஆதாயம் பெறுகிறார் என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். ஆகவே அறவழியில் முதலீடு செய்தால் கட்டாயம் மற்றவரைவிட அதிகம் ஈட்டலாம் என்று யாராவது விற்றால் அவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று பொருள்.

என் பணம் எதையாவது மாற்றுகிறதா?

பங்குச் சந்தையில் ஒரு பசுமை நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது பணம் அந்த நிறுவனத்துக்குப் போவதில்லை. விற்ற இன்னொரு முதலீட்டாளருக்குப் போகிறது. அந்தப் பங்கை வாங்கியதால் ஒரு காற்றாலை கூடுதலாக எழுந்தது என்று சொல்ல முடியாது. மாற்றம் வேறு இடங்களில் நடக்கிறது.

புதிதாகக் கடன் கொடுப்பது ஓர் இடம். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007இல் வெளியிட்ட பத்திரத்திலிருந்து வளர்ந்தவை பசுமைக் கடன் பத்திரங்கள். திரட்டிய பணத்தைக் குறிப்பிட்ட பசுமைத் திட்டங்களுக்கே செலவிடுவதாக வாக்கு. வாக்கு தவறினால் பெரும்பாலும் சட்டப்படி பெரிய தண்டனை இல்லை என்பது அதன் பலவீனம். இத்தாலியின் எனெல் மின் நிறுவனம் 2019இல் வேறு வகைப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. பணத்தை எதற்கும் செலவிடலாம். ஆனால் சொன்ன இலக்கை எட்டாவிட்டால் வட்டி 0.25 சதவீதப் புள்ளி கூடும். பிறகு வெளியிட்ட இத்தகைய பத்திரங்களில் 2023ஆம் ஆண்டுக்கான வெளியேற்ற இலக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 148 கிராம். வந்து நின்றது 160 கிராம். கூடுதல் வட்டியைக் கட்டவேண்டியதாயிற்று. தண்டனை சிறியதுதான். இருந்தாலும் மாசு, வட்டி என்ற இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது பெரிய காரியம்.

வாக்குரிமை இன்னோர் இடம். எஞ்சின் நம்பர் 1 என்ற சிறிய முதலீட்டு நிறுவனத்திடம் எக்ஸான்மொபில் பங்குகளில் சுமார் 0.02 சதவீதமே இருந்தது. 2021 மே மாதம் பெரிய நிதியங்களின் ஆதரவோடு அது எக்ஸானின் இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. மாற்று ஆற்றலுக்குத் தயாராகாததால் பங்குதாரர் பணம் எப்படி வீணாகிறது என்பதே அதன் வாதம். துருவக் கரடிப் படங்களைக் காட்டி மனத்தை உருக்குவதை அது நம்பியிருக்கவில்லை.

நிதிக் கணக்கு எட்டாத இடம்

எல்லாக் கெடுதலும் ஒருநாள் பணமாகத் திரும்பி வரும் என்று சொல்வது ஆறுதலான பேச்சு. உண்மை அப்படி இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் இல்லாதபோதும், பாதிப்பு பல கோடிப் பேரிடம் சிறுசிறு துளியாகப் பரவிவிடும்போதும், அழிந்துபோன உயிரினத்துக்கு வழக்குப் போட யாரும் இல்லாதபோதும் ரொக்க ஓட்டத்தில் ஒரு கீறலும் விழாது. அங்கே பகுப்பாய்வாளர் எவ்வளவு நேர்மையாகக் கணக்குப் போட்டாலும் விடை பூஜ்யம்தான். ஐரோப்பாவில் ஒரு டன் புகைக்கு விலை வந்தது முதலீட்டாளர்கள் மனம் மாறியதால் அல்ல. 2005இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததால். நிதிச் சந்தை இருக்கும் விதிகளுக்குள் ஓடும். விதிகளை எழுதும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பசுமை நிதியங்கள் உலகைக் காப்பாற்றிவிடும் என்ற விளம்பரம் இந்த இடத்தைத்தான் பூசி மெழுகுகிறது.

பூசி மெழுகுவதற்கும் இப்போது விலை உண்டு. ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் நிதி நிறுவனம், தன் முதலீட்டு முடிவுகளில் இ.எஸ்.ஜி.க்கு இருக்கும் பங்கை மிகைப்படுத்திச் சொன்ன புகாரைத் தீர்க்க 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 1.9 கோடி டாலர் அபராதம் கட்டியது.

அறிக்கையில் எங்கே கண்ணை வைப்பது?

படங்கள் நிறைந்த முன்பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். கரியமில வாயு போன்றவற்றின் வெளியேற்றம் மூன்று வகையாகத் தரப்பட்டிருக்கும். நிறுவனம் தானே எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரத்தால் வருவது ஸ்கோப் 2. மூலப்பொருள் தருபவரிடமும், பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரிடமும் நடப்பது ஸ்கோப் 3. எண்ணெய் நிறுவனத்துக்கும் கார் நிறுவனத்துக்கும் பெரும்பகுதி மூன்றாவதில்தான் இருக்கும். முதல் இரண்டில் மட்டும் இலக்கு வைத்துப் பெருமை பேசினால், பெரிய மூட்டை வெளியே கிடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, புதிய மூலதனச் செலவு, அதாவது ஆலையிலும் இயந்திரத்திலும் போடும் பணம், எங்கே போகிறது என்று பாருங்கள். 2050க்கான வாக்குறுதியை யாரும் கொடுக்கலாம். இந்த ஆண்டின் பணம் எந்த இயந்திரத்துக்குப் போனது என்பதை மாற்றிச் சொல்வது கடினம். சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட இரு தரநிலைகள், இத்தகைய தகவல்களை நிதி அறிக்கையோடு சேர்த்துத் தரச்சொல்கின்றன. எந்த நாடு எந்த அளவுக்கு ஏற்கிறது என்பது மாறுபடும்.

கடைசியாக, நிதி அறிக்கையின் பின்குறிப்புகள். வழக்குகளால் வரக்கூடிய பொறுப்புகள் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். சுரங்கம், எண்ணெய்க் கிணறு, அணுமின் நிலையம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால், அவற்றை மூடிச் சுத்தம் செய்ய ஒதுக்கிய தொகையைத் தேடுங்கள். அதோடு எந்த ஆண்டில் மூடுவதாக நினைக்கிறார்கள், எந்த வீதத்தில் தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்ற விவரமும் வழக்கமாக இருக்கும். முப்பது ஆண்டு கழித்து 100 கோடி செலவு என்றால், 4 சதவீத வீதத்தில் இன்றைய பொறுப்பு 31 கோடி. 2 சதவீதத்தில் 55 கோடி. ஒரே கிணறு, ஒரே வேலை. வீதத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு எந்தத் தொகை வசதி என்று யோசித்துவிட்டுப் பிறகு மற்ற பக்கங்களைப் படிக்கலாம்.